தவிட்டுக்கு விற்ற மகள்

முத்துப்பேச்சிக்கு மனுசர்களிடம் பயம் கிடையாது. எங்கள் லித்தோ அச்சாபீசில் லேபிள் கட்டும் மேசையில் அவளுக்குப் பக்கத்து இடம் என்னுடையது. அதனால் இதை உறுதியாகச் சொல்வேன். ஃபோர்மேன் வந்து பேச்சை நிறுத்தச் சொல்லிச் சத்தம் போட்டால் நாங்களெல்லாம் தலையைக் குனிந்துகொள்வோம். அவள் மட்டும் கை வேலையை நிறுத்தாமலே, "வாய் ஓடுனாத்தான் கையும் ஓடும் அண்ணாச்சி, நீங்க போயி மிசினைப் பாருங்க" என்பாள். அவரும் போய் மிஷினைப் பார்ப்பார்.

கட்டிங் மிஷினிலிருந்து வருகிற தீப்பெட்டி லேபிள்களை விசிறி போல விரித்து, எண்ணி, காகிதப் பட்டி சுற்றிக் கட்டுப் போடுவது எங்கள் வேலை. மயிலோ கப்பலோ எந்தப் படமானாலும் கட்டில் ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. முத்துப்பேச்சி சேர்ந்த கொஞ்ச நாளிலேயே எங்களையெல்லாம் தாண்டிவிட்டாள். ரங்கூன் அரிசி ஆலையில் சாக்குத் தைத்த கை அது. எனக்கு அவள் மேல் பொறாமை இருந்தது. அது பிறகு எப்படிப் பிரியமாக மாறியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அவள் பிறந்தது எம். புதுப்பட்டி. கண்ணுச்சாமிக்கு வாக்கப்பட்ட கையோடு கப்பலேறி ரங்கூன் போனவள். அங்கே ஆலைகளையும் கடைகளையும் சர்க்கார் எடுத்துக்கொண்டு நம்மவர்களை அனுப்பத் தொடங்கியபோது, அறுபத்து நாலில், ஒரு தகரப்பெட்டியும் சுருட்டிய பாயும் ஏழு வயதுப் பெண்பிள்ளையுமாகத் திரும்பி வந்தார்கள். நாரணாபுரத்தில் வாடகைக்கு ஒரு ஓட்டு வீடு பிடித்தார்கள். கண்ணுச்சாமி லாரி செட்டில் லோடு ஏற்றப் போனார். சாது மனுசர். வீட்டுக்கு வேண்டிய பேச்சையெல்லாம் பெண்டாட்டியே பேசிவிடுவதால் அவருக்குப் பேச வேண்டிய அவசியம் வரவில்லை.

அந்தப் பிள்ளையின் பெயர் தவுட்டம்மா. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மாதிரி இல்லாமல், தனக்கா என்று ஒரு மரக்கட்டையைக் கல்லில் உரைத்து இரண்டு கன்னத்திலும் சந்தனம் போலப் பூசிக்கொண்டு திரியும். கோபம் வந்தால் பர்மியப் பேச்சில் திட்டும். முத்துப்பேச்சியை அது "அத்தை" என்றுதான் கூப்பிடும். முத்துப்பேச்சியும் அதை "வீட்டுல ஒரு பிள்ளை இருக்கு" என்றுதான் சொல்வாளே தவிர, ஒருநாளும் "எம் மக" என்று சொல்லிக் கேட்டதில்லை. ஊர் இதற்கு மேல் என்ன நினைக்கும்? யாரோ பர்மாக்காரி பெற்றதை எடுத்து வளர்க்கிறார்கள் என்று பேசிக்கொண்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன். நல்ல மனசுக்காரி என்று எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்லியும் வைத்தேன்.

அறுபத்தைந்தில் எங்கள் கம்பெனியும் சில தீப்பெட்டிக் கம்பெனிகளும் சேர்ந்து தொழிலாளர் வைத்திய நிதி என்று ஒன்றைத் தொடங்கின. வாரச் சம்பளத்தில் ஒரு சின்னப் பிடித்தம். அதற்குப் பதிலாகத் தொழிலாளிக்கும் அவர் பெற்ற பிள்ளைகளுக்கும் நிதியின் ஆஸ்பத்திரியில் இலவச வைத்தியம். சின்ன ஆஸ்பத்திரிதான் என்றாலும் வெள்ளிக்கிழமை தோறும் மதுரையிலிருந்து ஆபரேஷன் டாக்டர் வருவார். ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை. அதில் பெயர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

நிதிக்குச் செயலாளர் சத்தியநாதன். எங்கள் கிறிஸ்தவ சபைக் கோயிலில் காணிக்கைப் பை பிடிக்கிறவர். முத்து முத்தான கையெழுத்து. நல்ல மனுசர்தான், ஆனால் எதையும் தாளில் எழுதிப் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். கம்பெனிக்கே வந்து உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அட்டை எழுதினார். முத்துப்பேச்சியின் முறை வந்தபோது நான் அவளுக்கு அடுத்து நின்றேன்.

"பிள்ளைக எத்தனைம்மா?"

"இல்ல சார்."

"வீட்டுல ஒரு பொண்ணு இருக்குன்னாங்களே?"

"அது தவுட்டுக்கு வாங்குனது."

சத்தியநாதன் தலையை ஆட்டிக்கொண்டு, 'பிள்ளைகள் இல்லை' என்று அழகாக எழுதினார்.

மறு வருஷம் ஆவணியில், தீபாவளி ஆர்டர் குவிந்து கிடந்த நேரத்தில், தவுட்டம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் நொண்டினாள். பிறகு காலை ஊன்ற முடியவில்லை. தொடை வீங்கிப் பளபளவென்று ஆகிவிட்டது. நிதி ஆஸ்பத்திரி டாக்டர் இரக்கப்பட்டுப் பார்த்தார். எலும்புக்குள் சீழ் கோத்திருக்கிறது, திறந்து எடுத்துவிட்டு வாரக்கணக்கில் ஊசி போட வேண்டும், தள்ளிப்போட்டால் கால் போகும், கால் மட்டும்தான் போகும் என்றும் சொல்ல முடியாது என்றார். அட்டையைக் கொடுங்கள், வருகிற வெள்ளிக்கிழமையே வைத்துக்கொள்வோம் என்றும் சொன்னார். அட்டையில் பிள்ளை இல்லை. கண்ணுச்சாமி மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கே வராண்டா வரைக்கும் பாய் விரித்து நோயாளிகள் கிடந்தார்கள். முறை வர நாளாகும் என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளை அதுவரை தாங்காது என்று அவருக்கே தெரிந்தது. திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அன்றைக்கு முத்துப்பேச்சி போட்ட கட்டில் லேபிள் குறைந்தது. அவள் கட்டில் குறைந்து நான் பார்த்ததே இல்லை. தண்ணீர்ப் பானைப் பக்கம் அவளை இழுத்துக்கொண்டு போய் என்னவென்று கேட்டேன்.

"இவளுக்கு முன்னால ரெண்டு பெத்தேன் செல்வமணி" என்றாள். "எம் பிள்ளை, எம் பிள்ளைன்னு வாய் ஓயாம கொஞ்சுனேன். மூத்தவன் தவழ ஆரம்பிச்சான், போயிட்டான். அடுத்தவ அதுவரைக்கும்கூட இருக்கல. இவ பெறந்து விழுந்ததும் முறத்துல வச்சு, பக்கத்து வீட்டுப் பாலம்மா மதினிகிட்டக் குடுத்துட்டேன். அவுக ஒரு படி தவுடு குடுத்து வாங்கிக்கிட்டாக. அன்னையிலருந்து இவ அவுக பிள்ளை. நான் வளக்குறவ. அவுகளத்தான் அம்மான்னு கூப்பிடுவா. எமனுக்கு அடையாளம் தெரியாம இத்தன வருசம் ஒளிச்சு வச்சிருக்கேன்."

"அப்படின்னா நீங்க பெத்ததா யக்கா?"

அவள் சட்டென்று என் வாயைப் பொத்தினாள். எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் சபைக்காரர்களுக்குத் தவிடு என்றால் மாட்டுக்கு வைப்பது, அவ்வளவுதான். பிள்ளை சாகாமல் இருக்க ஒரு பொய்யைச் சொல்லி, அந்தப் பொய்யாலேயே பிள்ளையைச் சாகக் கொடுப்பாளா ஒருத்தி என்று பற்றிக்கொண்டு வந்தது. ஃபோர்மேனை மிரட்டுகிறவள், லாரிக்காரர்களிடம் சரிக்குச் சரி நிற்கிறவள், ஒரே ஒரு சொல்லுக்கு இப்படிப் பயப்படுகிறாளே என்று இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் என் கோபம் அடங்கிவிட்டது. இரண்டைப் புதைத்தவள் அவள், நானில்லை.

சாயங்காலம் கண்ணுச்சாமியையும் கூட்டிக்கொண்டு மூவரும் சத்தியநாதனிடம் போனோம். நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"தவுட்டுப் பிள்ளை எனக்குத் தெரியாததா செல்வமணி? எங்க தெருவுலயே தவுடன், குப்பன், பிச்சைன்னு எத்தன பேரு இருக்காங்க. ஆனா அதுகளைச் சொமந்தப்போ ஊரே பாத்திருக்கு. பிரசவம் பாத்தவ அடுத்த தெருவுல இருப்பா. இந்தப் பிள்ளை பெறந்தது கடலுக்கு அந்தாண்ட. அதை யாரு பாத்தா? பெறப்புப் பதிஞ்ச சீட்டு எதும் இருக்கா?"

"ஆலை லைன் வீட்டுல பெறந்தது சார்" என்றார் கண்ணுச்சாமி. "பதிஞ்சாங்களா இல்லையான்னே தெரியாது. பதிஞ்சிருந்தாலும் கப்பலேறுற அவசரத்துல யாரு போயி வாங்குனா?"

"அண்ணன் பிள்ளை, கொழுந்தியா பிள்ளைன்னு எல்லாத்தையும் தன் பிள்ளைன்னு எழுதி வச்சிட்டாங்க போன வருசம். அதுலருந்து கமிட்டி கண்டிப்பா இருக்கு. இவுக வேற, பிள்ளை இல்லன்னு எங்கிட்டயே சொல்லி நானே எழுதியிருக்கேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணு செய்யலாம். வியாழக்கிழமை கமிட்டியைக் கூட்டுதேன். பெத்தவ தன் வாயால சொல்லணும். பிரசவத்தைப் பாத்தவுக ஒருத்தர் வந்து சாட்சி சொல்லணும். ரெண்டும் நடந்தா அன்னைக்கே அட்டையில ஏத்திருவேன். வெள்ளிக்கிழமை ஆபரேசன்."

"அப்பன் நான் சொல்லுதேன் சார்."

"நிதியில மெம்பர் அவுகதானே. அவுகதான் சொல்லணும்."

அதுவரை வாயைத் திறக்காமல் நின்ற முத்துப்பேச்சி, "தலைய ஆட்டுனா ஆகாதா சார்?" என்று கேட்டாள்.

"தலையை ஆட்டுனதை நான் எப்படிம்மா எழுதுறது?" என்றார் சத்தியநாதன். கேலிக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே அதுதான் அவருடைய கஷ்டம்.

சாட்சிக்கு ஒரே ஒருத்திதான் உண்டு. பாலம்மாள். தவிடு கொடுத்து வாங்கியவள். அவளும் அடுத்த கப்பலில் வந்து சாத்தூருக்குப் பக்கத்தில் அச்சங்குளத்தில் வெடிக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரம். ஆனாலும் வந்ததிலிருந்து முத்துப்பேச்சி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. ரங்கூனில் பாலம்மாளின் புருஷன் இறந்துபோனார். பிள்ளையும் கிடையாது. கப்பலுக்குப் பெயர் கொடுக்கும் சமயத்தில் அவள் முத்துப்பேச்சியிடம், "தவுடு குடுத்தவ நான்தான, பிள்ளையை எங்கூட அனுப்பிரு பேச்சி" என்று கேட்டிருக்கிறாள். விளையாட்டாகக் கேட்டாளா, மெய்யாகவே கேட்டாளா என்று முத்துப்பேச்சிக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் பிடிக்காமல் முதல் கப்பலிலேயே ஏறிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஆராதனைக்கு மட்டம் போட்டுவிட்டு அவளோடு அச்சங்குளம் போனேன். சீசன் என்பதால் கம்பெனியில் அன்றைக்கும் வேலை. சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடிக்கு வந்தாள் பாலம்மாள். உயரமான பொம்பளை. கழுவின பிறகும் அவள் விரல் இடுக்குகளில் வெடிமருந்துப் பொடி வெள்ளியாக மினுங்கியது. எங்களைப் பார்த்ததும் வா என்றுகூடச் சொல்லவில்லை.

"பிள்ளை எங்க?"

"காலு வீங்கிக் கெடக்கா மதினி" என்று தொடங்கி முத்துப்பேச்சி எல்லாவற்றையும் சொன்னாள். "வியாழக்கெழமை நீங்க வந்து சொல்லணும்."

"என்னன்னு சொல்லணும்?"

முத்துப்பேச்சிக்கு அதற்கு மேல் வாய் வரவில்லை. நான்தான், "அக்காதான் பெத்தாகன்னு" என்றேன்.

பாலம்மாள் என்னைப் பார்க்கவே இல்லை. தூக்குச்சட்டியைத் திறந்து, அதில் இருந்த கம்மஞ்சோற்றைப் பிசையத் தொடங்கினாள். "வாரேன்" என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் முத்துப்பேச்சி ஜன்னல் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். "அங்கன வந்து, எம் பிள்ளைன்னு சொல்லிட்டாகன்னா?"

"அப்படியெல்லாம் சொல்ல மாட்டாக யக்கா."

"அவுக எடத்துல நான் இருந்தா சொல்லிருவேன் செல்வமணி."

வியாழக்கிழமை மத்தியானம் நிதி ஆபீசில் கமிட்டி கூடியது. முதலாளிமார் மூன்று பேர். நடுவில் உட்கார்ந்திருந்தவர் ஊர்க்காவலன் அண்ணாச்சி. தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி. கையில் விசிறி. சத்தியநாதன் மேசையோரம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். கண்ணுச்சாமி பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசல் பக்கம் நின்றார். காய்ச்சல் வேகத்தில் அது கண்ணைத் திறக்காமல் முனகிக்கொண்டிருந்தது. பெஞ்சின் கடைசியில் பாலம்மாள் இருந்தாள். எனக்கு வேலை நேரம்தான், ஆனாலும் ஃபோர்மேன் போய் வா என்று விட்டுவிட்டார். அவருக்கும் மனசு என்று ஒன்று இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"முத்துப்பேச்சி, தவுட்டம்மா நீங்க பெத்த பிள்ளைதானா?" என்று கேட்டார் சத்தியநாதன்.

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடியும் சுற்றினாள். சொல்லுங்கள் யக்கா, ஒரே ஒரு வார்த்தை, என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"சொல்லும்மா" என்றார் அண்ணாச்சி. "இங்கன யாரும் உன்னைய முழுங்கப் போறதில்ல."

அப்போதுதான் தவுட்டம்மா கண்ணைத் திறந்தாள். பெஞ்சில் இருந்தவளைப் பார்த்தாள். ரங்கூனில் பார்த்த முகத்தை அவள் மறக்கவில்லை. அப்பன் தோளிலிருந்தே இரண்டு கையையும் நீட்டி, "அம்மா" என்று கூப்பிட்டாள்.

அறையில் எல்லோருக்கும் அது கேட்டது. பாலம்மாள் எழுந்து போய்ப் பிள்ளையின் தலையைத் தடவினாள். அது அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

அண்ணாச்சி விசிறியை மேசை மேல் வைத்தார். "பிள்ளையே கூப்பிடுதே. பெறகு நம்ம விசாரிக்க என்ன இருக்கு சத்தியநாதன்? இவ பெத்தது இல்லன்னு எழுதி முடிச்சிரும்."

சத்தியநாதன் எங்களை ஒருமுறை வருத்தமாகப் பார்த்தார். பேனாவை எடுத்தார். பாலம்மாள் பேச வாயெடுத்தாள்.

"எழுதாதீக சார்."

முத்துப்பேச்சியின் குரல்தான். மிஷின் ஓடும்போது எங்கள் மேசையில் பேசுகிற அதே உரத்த குரல்.

"எம் பிள்ளை. நான் பெத்தேன். இந்த வயித்துல சொமந்து நான்தான் பெத்தேன். எம் மக அவ. எம் மக. எழுதிக்கோங்க."

சொல்லி முடித்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் மட்டும் பிள்ளை மேலேயே நின்றது, அதற்கு அந்த நிமிஷமே ஏதாவது ஆகிவிடுமோ என்பது போல. தவுட்டம்மா பாலம்மாள் தோளிலிருந்து முகத்தைத் திருப்பி, தன் அத்தையை வியப்பாகப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"நானும் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்" என்றாள் பாலம்மாள். கமிட்டியைப் பார்த்து நிதானமாகப் பேசினாள். "ரங்கூன்ல ஆலை லைன்ல பெறந்துச்சு. அடமழை. மருத்துவச்சி வர முடியல. கொடி அறுத்தது நான், குளிப்பாட்டுனது நான். இவளுக்கு முந்தி ரெண்டு போயிருச்சுன்னு முறத்துல வாங்கித் தவுடு குடுத்தவளும் நான்தான். பிள்ளைய இப்படிக் கூப்பிடப் பழக்குனதும் நாங்கதான். எனக்குன்னு ஒண்ணு இல்ல. காதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. இன்னைக்குக் கேட்டப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்காக அவ பெத்தது இல்லன்னு ஆயிருமா?"

சத்தியநாதன் விறுவிறுவென்று எழுதினார். எழுதிய இடத்தில் முத்துப்பேச்சியின் பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்து வைத்தார். அவள் விரல் வைத்ததே அவளுக்குத் தெரிந்ததா என்று சந்தேகம். உடம்பு முழுக்க உதறிக்கொண்டிருந்தது.

பாலம்மாள் அதைப் பார்த்தாள். "எதுக்கு இந்த நடுக்கம்? வித்தவ திருப்பி வாங்கிக்கிட்டா சரியாப் போச்சு. என் ஒரு படி தவுட்டைக் குடு பேச்சி. பிள்ளைய வாங்கிக்க."

"இப்பவா மதினி?"

"நாளைக்குக் கத்தி வைக்கப் போறாக. இன்னைக்கே முடிச்சிருவோம்."

ஊர்க்காவலன் அண்ணாச்சிக்கு இந்தப் பேச்சு நன்றாக விளங்கியது. வாட்ச்மேனைக் கூப்பிட்டு, பின்னால் இருந்த தன் மாட்டுக்கொட்டத்தில் ஒரு படி தவிடு அளந்து வரச் சொன்னார். முறத்துக்கு எங்கே போவது? சத்தியநாதன் தபால் வைக்கிற மரத்தட்டைக் காலி செய்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, "இதையும் எழுதணுமா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"எழுதும்வே" என்றார் அண்ணாச்சி.

முத்துப்பேச்சி தட்டோடு தவிட்டைக் கொடுத்தாள். பாலம்மாள் அதை வாங்கித் தன் மடியில் கொட்டிக்கொண்டாள். பிறகு கண்ணுச்சாமி தோளிலிருந்து பிள்ளையைத் தூக்கி, "இந்தா, ஒம் பிள்ளை. இனிமே எனக்கும் இவளுக்கும் அத்தை மருமக உறவுதான்" என்று முத்துப்பேச்சியின் கையில் வைத்தாள். வைத்த கையோடு வேகமாக வாசலுக்கு வெளியே போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். தவிட்டை மடியில் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தாள். எனக்கும் அழுகை வந்தது. இரண்டு பேரும் அழுதோம். தவிடு மாட்டுக்கு வைப்பது என்று நான் அதற்குப் பிறகு யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் ஆபரேஷன். ஆஸ்பத்திரி வராண்டாவில் முத்துப்பேச்சி கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் நான், மறுபக்கம் பாலம்மாள். முத்துப்பேச்சி பத்திரகாளியைக் கூப்பிட்டாள், நான் என் கர்த்தரைக் கூப்பிட்டேன். நடுநடுவே என் பக்கம் திரும்பி, "சொல்லிட்டேன் செல்வமணி" என்பாள். "சொல்லித்தான யக்கா ஆஸ்பத்திரிக் கதவு தெறந்துச்சு" என்பேன். அதைக் கேட்டுவிட்டு மறுபடியும் கதவைப் பார்ப்பாள். கடைசியில் டாக்டர் வெளியே வந்து, சீழையெல்லாம் எடுத்தாகிவிட்டது, கால் தப்பியது என்று சொன்னபோது அவள் அவரைப் பார்த்துக் கும்பிட்டாளே தவிர, நம்பவில்லை. பிள்ளை கண் விழித்து, பசிக்கிறது என்று சிணுங்கிய பிறகுதான் நம்பினாள்.

ஊசி தொடர்ந்து போட வேண்டியிருந்ததால் தீபாவளி ஆஸ்பத்திரியிலேயே கழிந்தது. பாலம்மாள் ஒரு கட்டுக் கம்பி மத்தாப்புக் கொண்டுவந்து கொளுத்திக் காட்டினாள். நர்ஸம்மா சத்தம் போட்டார்கள். தவுட்டம்மாவுக்குத்தான் உறவு முறை குழம்பிப்போனது. இதுவரை அம்மாவாக இருந்தவளை அத்தை என்று கூப்பிட வேண்டும், அத்தையை அம்மா என்று கூப்பிட வேண்டும். அவள் என்ன செய்வாள் பாவம். யாரைக் கூப்பிடுவதானாலும் முதலில் ஒருமுறை நிறுத்தி யோசிப்பாள். தப்பாக வந்துவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து, "ஏட்டி" என்று அதட்டுவார்கள். எலும்பு ஆறியது. லேசாகச் சாய்ந்து நடக்கிறாள், அவ்வளவுதான். அந்த நடையோடு பள்ளிக்கூடத்துக்கு எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேருவாள். வாய் அப்படியே முத்துப்பேச்சி.

முத்துப்பேச்சியும் பழையபடி மேசைக்கு வந்தாள், பழையபடி ஃபோர்மேனை மிஷின் பார்க்க அனுப்பினாள். கூடுதலாக ஒரு பழக்கம் வந்திருந்தது. எதைப் பேசினாலும் அதற்குள் "எம் மக" என்று ஒருமுறை சொல்லிவிடுவாள். கத்தரிக்காய் விலையைப் பற்றிப் பேசினாலும் எம் மக வந்துவிடுவாள். மேசையில் சில பேருக்கு எரிச்சல். எனக்கு அலுக்கவே இல்லை.

அடுத்த வருஷம் அட்டை புதுப்பிக்கச் சத்தியநாதன் மறுபடியும் கம்பெனிக்கு வந்தார். போன தடவை போலவே நான் அவளுக்கு அடுத்து நின்றேன். அவருக்கு எல்லாம் தெரியும், ஆனாலும் கேட்டு எழுதுவதுதான் அவர் முறை.

"பிள்ளைக எத்தனைம்மா?"

"மூணு சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணுதானேம்மா?"

"பெத்தது மூணு. ரெண்டு ரங்கூன் மண்ணுக்குள்ள கெடக்கு. அதுகளுக்கு ஒங்க மருந்து வேண்டாம். பேரை மட்டும் எழுதிக்கோங்க."

அட்டையில் அப்படி எழுத இடமில்லை என்று அவர் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. பெயரைக் கேட்டார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சங்கிலிமுத்து, ராமுத்தாய், தவுட்டம்மா. முதல் இரண்டு பெயரையும் அவள் வாயால் நான் கேட்டது அன்றுதான். எனக்குப் பின்னால் நின்றவர்கள் நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். சத்தியநாதன் அவசரப்படாமல் மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, மை காயும்வரை அட்டையை ஊதிக்கொண்டிருந்தார்.